தெப்பக்குளத்துக் கரை வழியாக

அம்மா,

பூ விற்று வந்ததும் முதலில் சாப்பிடு. கம்மங்கூழ் கரைத்து வைத்திருக்கிறேன். வெங்காயம் தட்டுக்கு அடியில் இருக்கிறது.

பேச்சியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறேன். தெப்பக்குளத்தில் தண்ணீர் விட்டதும் அவளை நிறுத்திவிட்டாய். என்னையும் ஆறாம் வகுப்பில் இப்படித்தான் நிறுத்தினாய். "அந்தக் கரையில எம் பிள்ளைக நடக்க வேணாம்" என்று நேற்று நீ அழுதபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாச்சி கண்மாயில் மூழ்கியதைச் சின்ன வயதில் நீ கண்ணால் பார்த்தாய். நான் பார்க்கவில்லை. ஆனாலும் தண்ணீரைக் கண்டால் எனக்கும் கால் நடுங்குகிறது. பேச்சிக்கு இன்னும் நடுங்கவில்லை. "அக்கா, அங்க மீனு எம்புட்டுப் பெருசு இருக்கும்?" என்றுதான் கேட்கிறாள். அவள் அப்படியே இருக்கட்டும் அம்மா.

தண்ணீர்ப் பக்கம் நான் நடக்கிறேன். அவள் கையை விடமாட்டேன்.

ஒச்சாயி

இந்தத் தாள் எந்த நோட்டிலிருந்து கிழித்தது என்று தேடாதே, என் ஆறாம் வகுப்பு நோட்டுதான்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். முடிந்தால் நீயும் வா. கரைக்கு வர வேண்டாம், தெருமுக்கில் நின்றால் போதும். அங்கிருந்து உன்னையும் நான் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். எனக்கு இன்னொரு கை சும்மாதான் இருக்கிறது.