மாதாவின் உடுப்புக்கு அளவு நின்றவள்

என் உயிரான பெரியம்மாவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. கரைவலையில் இந்தச் சோளகக் காற்றுக்கு மீன் பரவாயில்லை. உங்கள் சிவப்புக் கோழி அடைகிடந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. இரண்டைப் பிராந்து கொண்டுபோய்விட்டது. நாளை மாதா திருநாளுக்குக் கோயிலில் கொடி ஏறுகிறது. இதையெல்லாம் முதலில் எழுதுவது, சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயந்துதான்.

கோயில் மூப்பர் இன்று மூன்றாம் தரமும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“பிள்ளை, மாதாவின்ர உடுப்பு முடிஞ்சுதோ?”

“ஓம் மூப்பர், கை மட்டும்தான் மிச்சம்.”

இன்றைக்கு அது உண்மை. முதல் இரண்டு தரமும் அதையே சொன்னது பொய், பெரியம்மா. நீங்கள் வெட்டி வைத்த நீலச் சாட்டின் உங்கள் றங்குப்பெட்டியில் துண்டு துண்டாகவே கிடந்தது. போன கிழமை வரை நான் அதில் ஊசி குத்தவில்லை. எனக்குப் பொறாமை. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு, இந்த வயதில், மாதாவின் மேல் பொறாமை. கேட்டால் சிரிப்பீர்களோ, காதைப் பிடித்துத் திருகுவீர்களோ?

அம்மா என்னைப் பெற்றுப்போட்டுக் கண்ணை மூடினார். ஐயா கொக்கிளாய்ப் பக்கம் வலைக்குப் போனால் மாதக்கணக்கில் வருவதில்லை. எனக்கு இருந்தது நீங்கள் ஒருத்திதான். ஆனால் உங்களுக்கு நான் ஒருத்தி இல்லையே. விடிய முதல் பூசை உங்களைக் கொண்டுபோகும். பின்னேரம் செபமாலை. நடுவில் நோய் வருத்தக்காரர் வீடுகள். தண்ணீரூற்றுச் சைவ வீட்டுப் பெண்கள்கூடப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உங்களைச் செபிக்கச் சொல்லிக் கேட்டு வருவார்கள். புருஷனைக் கடலுக்கும் இரண்டு பிள்ளைகளை அம்மாள் நோய்க்கும் கொடுத்தவர் நீங்கள். அதற்குப் பிறகும் ஊரெல்லாம் பங்கு வைக்க உங்களிடம் அவ்வளவு அன்பு எங்கே இருந்தது? எனக்குக் கிடைத்தது அந்தப் பங்கில் ஒன்றுதான் என்று நினைத்து எத்தனை நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் மேலாக அந்த உடுப்பு. ஒவ்வொரு திருநாளுக்கும் மாதாவின் சொரூபத்துக்குப் புது உடுப்புத் தைப்பது உங்கள் நேர்த்தி. எங்கள் கோயில் மாதா ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரம். ஏறி நின்று அளந்தால் ஐந்து நிமிட வேலை. நீங்கள் விட்டால்தானே!

“ஆண்டவரின்ர தாய்க்கு நாடா பிடிச்சு அளக்கிறதோ? கை அழுகிப்போகும்!”

அதனால் அளவுக்கு நின்றவள் நான். முக்காலியின் மேல், மாதாவைப் போலவே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதுகு கடித்தால் சொறிய முடியாது.

“ஆடாத பிள்ளை. மாதா ஆடுவாவோ?”

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நீங்கள் என்னைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். உங்கள் கை என் தோளிலும் இடுப்பிலும் அவ்வளவு மெதுவாகப் படும். தலை வாரி இழுக்கும்போது அந்தக் கை அப்படிப் பட்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிரும். முடிந்ததும் சாட்டினை என் மேலிருந்து கழற்றி, மடித்து, முத்தமிட்டு மாதாவுக்காக எடுத்து வைப்பீர்கள். எனக்கு நத்தார்ப் பண்டிகைக்குச் சீத்தைத் துணிச் சட்டைதான். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

“எனக்கும் உப்பிடி ஒண்டு தைச்சுத் தாங்கோவன், பெரியம்மா.”

“உனக்கு நான் இருக்கிறன். அவாவுக்கு ஆர் இருக்கினம் தைக்க?”

உலகமெல்லாம் அவருக்குத்தானே இருக்கிறது என்று எனக்கு அழுகை வந்தது.

பதினொரு வயதில் நான் சாண் உயரம் கூடிப் போனேன். நாடாவைப் பிடித்தபடி, “வளந்திட்டாய்” என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பிலோமினா முக்காலியில் நின்றாள். அதில் நிற்பதை அவ்வளவு வெறுத்த எனக்கு, அவள் தோளில் உங்கள் கை பட்டதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நீங்கள் கத்தரிக்கோல் எடுக்க உள்ளே போன நேரம் அவள் காதுக்குள் சொன்னேன்: “குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நில்லடி. அப்பத்தான் மாதா மாதிரி வடிவாயிருப்பாய்.” பாவம், அவள் நம்பினாள். தரை வரை விழுந்த துணிக்குள் அவள் கால் உங்களுக்குத் தெரியவில்லை.

திருநாள் அன்று உடுப்பு நாலு விரல்கடை நீளம். மாதாவின் காலடியில் துணி குவிந்து கிடந்தது. சொரூபம் சுற்றுப்பிரகாரம் வர ஆட்கள் கூடி நிற்க, நாடா வைக்கவே நடுங்கிய நீங்கள் அவர் உடுப்பில் ஊசி குத்திக் குத்தி மடித்தீர்கள். கன்னத்தால் கண்ணீர் ஓடியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பெரியம்மா. அதுதான் உண்மை.

அன்று பின்னேரம் வெற்றிலைத் தட்டத்தை எடுத்து அயல் வீட்டுக் கிழவிக்குக் கொடுத்துவிட்டீர்கள். “என்ர கவனம் பிசகிப்போச்சு. தாயை நிந்திச்சுப் போட்டன்” என்று சொல்லி, உங்களுக்கு நீங்களே தபசு விதித்துக்கொண்டீர்கள். சோறில்லாமல் இருந்தாலும் வெற்றிலை இல்லாமல் இருக்காத மனுஷி, சாகும்வரை ஒரு துண்டு பாக்குக்கூட வாயில் வைக்கவில்லை. மற்றக் கிழவிகள் தட்டத்தைச் சுற்றி இருந்து கதைக்கும்போது உங்கள் வாய் சும்மா அசையும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், மன்னிப்பும் கிடைத்தது. உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு இருந்த கொஞ்சமும் போய்விடும் என்று பயம். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

கடைசி மாதம் நான்தான் உங்களைக் குளிப்பாட்டினேன், கஞ்சி பருக்கினேன். அந்தக் கிழமைகளில் நீங்கள் முழுக்க என்னுடையவர். அப்படித்தான் நினைத்திருந்தேன். கடைசி நாள் என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். குனிந்தேன். “மாதாவின்ர உடுப்பு…” என்றீர்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

செத்தவீட்டில் எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்: “அழாத. நேர மாதாவிட்டயல்லோ போயிருக்கிறா.” அவர்களுக்கு எப்படித் தெரியும், அதைக் கேட்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது என்று?

போன ஞாயிறு மனம் கேட்காமல் பெட்டியைத் திறந்தேன். துண்டுகளைப் பொருத்தி நூலோட்டினேன். அளவு பார்க்க வேண்டுமே! என் மூத்தவள் றீற்றாவுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. கூப்பிட்டு நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். நீலம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. தோளைத் தடவித் துணியை நேராக்கினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, இது எனக்கோ?”

“ஓம் குஞ்சு, உனக்குத்தான்.”

வாய் சொல்லிவிட்டது. அதைத் திரும்ப எடுக்க என்னால் முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களாலும் முடிந்திருக்காது.

ஒரு உடுப்பு, இரண்டு பேர். நேற்றும் இன்றும் இருந்து தைத்து முடித்துவிட்டேன். மூப்பரிடம் சொன்ன கையும் முடிந்தது. நாளை கொடியேற்றப் பூசைக்கு றீற்றா அதைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து வருவாள். ஊர் வாயைப் பிளக்கட்டும். பூசை முடியத் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, மூப்பரிடம் கொடுப்பேன். திருநாளுக்கு மாதா அதை உடுப்பார், இரண்டாம் ஆளாக. இனி நான் இருக்கும் வரை ஒவ்வொரு திருநாளுக்கும் நானே தைப்பேன். ஒன்றில்லை, இரண்டு தைப்பேன். இது உங்களுக்கு என் சத்தியம்.

மாதா கோபித்தால், பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், நீங்களே கதையுங்கள். ஆனால் பெரியம்மா, இந்த ஒருமுறை என் பக்கம் நின்று கதையுங்கள்.

இப்படிக்கு,
பெற்றவளை அறியாத, உங்களையே அம்மா என்று கூப்பிட ஆசைப்பட்டுக் கூப்பிடாமல் விட்ட
உங்கள் பெறாமகள்
திரேசா