என் பத்து நிமிடக் காலை உணவு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானா என்று அடுத்த வரியில் கேட்பது என் வழக்கம், இந்த முறை அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் சுகமில்லை என்று நீயே வாய்விட்டுச் சொன்னாய், நான்தான் காதில் வாங்கவில்லை. போனில் பேசிவிடலாம் என்று நாலைந்து தடவை கூப்பிட்டேன். நீ எடுத்ததும் குட்டி பால் குடித்தாளா, அங்கே மழையா என்று வேறு எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரல் காதில் விழாமல் இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். குட்டி தூங்கும்போது படி, ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் விட்ட இடத்திலிருந்து பிறகு படி, ஒன்றும் குடிமுழுகிவிடாது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். எடுத்தது ஒரு பல்தான், இவர் முகத்தைப் பார்த்தால் தாடையையே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கிறது. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவரெல்லாம் ஈரம், கேட்டால் இதோ ஆள் வருகிறான் என்கிறார்கள், ஆள்தான் வந்தபாடில்லை. வாரப் பத்திரிகையில் நான் எழுதியதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போட்டார்களே, வேலைக்குப் போகிறவர்களுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் பத்து நிமிடக் காலை உணவு என்று, அது மறுபடி அச்சாகிறதாம். முதல் பிரதியையே உனக்குத்தான் அனுப்பினேன். இப்போது இங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கிளம்பும் பெண்களின் பையில் அதில் ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அந்த மிதப்பில் இருந்தபோதுதான் நீ கூப்பிட்டாய்.

நீ சொன்னது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், பிறகு நீயும் குட்டியும் மட்டும், நாலு நாளாக என் காய்கறி முட்டை ரொட்டியைச் செய்து பார்க்கிறாய், ஒரு நாளும் மதியத்துக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை என்றாய். “புத்தகத்துல பத்து நிமிஷம்னுதானேம்மா போட்டிருக்கு. அப்ப எங்கிட்டதான் ஏதோ கோளாறு” என்றாய். நான் என்ன செய்தேன், சிரித்தேன். கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், காலையில் சுறுசுறுப்பாக எழுந்தால் எல்லாம் தானாக நடக்கும், எத்தனையோ பெண்கள் செய்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள் என்று, முகம் தெரியாத வாசகிக்குப் பதில் சொல்வது போல அடுக்கிக்கொண்டே போனேன். குட்டி அழுகிறாள், வைக்கிறேன் என்றாய் நீ. அந்தப் பக்கம் அழுகைச் சத்தமே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் போனை வைத்துவிட்டு, மகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொன்னேன் என்று உன் அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டார். கோபித்துக்கொள்ளாதே, அவர் உன்னைக் குறை சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாயாம். காலைச் சாப்பாடுகூடச் செய்யத் தெரியாதவள் பிள்ளையை எப்படி வளர்ப்பேன் என்று கேட்கிறாயாம். அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் அத்தை கொஞ்ச நாள் பேச வேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம். உன்னை நினைத்து நான் பதறியிருக்க வேண்டும். எனக்கோ என் புத்தகத்தைச் சொல்லிவிட்டாரே என்றுதான் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே செய்து காட்டுகிறேன் பார் என்று வீம்புக்குக் கிளம்பினேன்.

கீழ்வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவள் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றாள், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அப்பா பல் வைத்தியரிடம் போயிருந்தார். சமையலறைக்குள் நுழைந்தால் மேடை காலியாகக் கிடந்தது. நறுக்கிய வெங்காயம் இல்லை, துருவிய கேரட் இல்லை, கழுவிய தோசைக்கல் இல்லை. சரி, நாமே செய்வோம் என்று ஆரம்பித்தேன். வெங்காயத்தை ஒரு கையால் உரிக்க முடியாது, கண்ணு. கீழே படுக்கவைத்தால் குழந்தை வீறிடுகிறது, தூக்கினால் என் கண்ணாடியைப் பிடுங்குகிறது. ஒரு கையால் உடைத்த முட்டையில் பாதி ஓடு. அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது குழந்தை என் புடவையை நனைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, துணி மாற்றிவிட்டு, மறுபடி பற்றவைத்தால் மறுபடி அழுகை, அதைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினால் ரொட்டி கரி. எனக்கு இன்னும் ஒரு வாய் உள்ளே போகவில்லை. இத்தனை வருஷம் சமையல் எழுதுகிறவள், இது முடியவில்லையே, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. அப்படித் தோன்றிய அந்த நொடியே உன் குரல் காதில் கேட்டது, நான் சிரித்ததும் கேட்டது. தையல்காரப் பெண் வந்து “என்னம்மா, இன்னும் சாப்பிடலையா” என்று கேட்டாள், நான் அவள் முன்னால் அழுதுவிட்டேன். அவள் என்ன நினைத்திருப்பாளோ. எனக்கு அது ஒரே ஒரு காலை. இரவெல்லாம் தூங்கி எழுந்தவள் நான், உடம்பில் தையல் போட்ட வலியும் இல்லை. உனக்கு அது தினமும்.

அப்பா வந்ததும், காலையில் எனக்காக எவ்வளவு நேரம் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தவர் கடிகாரத்தைக் காட்டி விரலால் முக்கால் வட்டம் சுற்றினார், முக்கால் மணி நேரம். நான் பார்த்த பத்து நிமிடம் அடுப்பில் வேகிற நேரம் மட்டும். அதற்கு முன்னால் நறுக்குவதும் பிறகு கழுவுவதும் அவர், நான் இருவருக்குமாகச் சேர்த்துப் பெயர் வாங்கிக்கொண்டேன். ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று மறுநாள் கேட்டதற்கு, “உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தின் முன்னுரையில், பெண் குழந்தையை வளர்த்த என் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன் என்று வேறு போட்டிருக்கிறேன். நீ பிறந்தபோது உன் பெரியம்மா வந்து தங்கி உன்னைத் தோளிலேயே வைத்திருந்தாள், உன் அப்பா தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார், நான் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டேன். அதுதான் என் சொந்த அனுபவம். நினைக்க நினைக்கக் கூனிக் குறுகிப் போகிறேன்.

இனி நான் சொல்வது பத்திரிகைக்காகச் சொல்வது இல்லை. காலையில் நீ அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் குட்டியை அவர் வாங்கிக்கொள்ளட்டும், நீ இதைச் செய்து வை, இல்லாவிட்டால் அவரே செய்யட்டும், அவருக்கும் இரண்டு கை இருக்கிறது. மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு ஓட்ஸ், அது முழுகும் அளவுக்குப் பால், ஒரு கரண்டி தயிர், கொஞ்சம் உலர்ந்த திராட்சை போட்டு மூடி குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் ஊறிக் குழைந்திருக்கும். வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே பாட்டிலிலிருந்து கரண்டியால் சாப்பிடு, தட்டு எதற்கு. முட்டையை ஒவ்வொன்றாகச் செய்யாதே, நாலைந்தை ஒன்றாக அவித்து ஓட்டோடு வை, மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் அவர் உரித்து ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போகட்டும். பால் கொடுக்கும்போது உனக்கு அகோரப் பசி எடுக்கும், உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வறுத்த வேர்க்கடலையும் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு அவித்து உப்பும் மிளகும் வெண்ணெயும் சேர்த்து மசித்து வைத்தால் சூடாக்கிச் சாப்பிடலாம், சூடாக்க முடியாவிட்டால் அப்படியே சாப்பிடு. காய்கறி முட்டை ரொட்டியை இப்போதைக்கு மறந்துவிடு. இன்னொன்று, இது சமையல் இல்லை. அந்த அழுகையை ஆஸ்பத்திரியில் குட்டியைப் பார்க்கிற டாக்டரிடம் சொல்லு. சமாளித்துக்கொள்கிறேன் என்று மறைக்காதே. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அப்படி வரும், அதைக் கேட்டுத்தான் அவர்கள் மருந்தும் யோசனையும் சொல்வார்கள்.

பத்திரிகை ஆசிரியரிடம் போய், அந்தப் பத்து நிமிடம் பொய், இந்த வாரமே என் பெயரில் அதைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வாசகர்கள் நம்ப மாட்டார்கள், மறுஅச்சு கெட்டுப்போகும் என்று முகம் சுளித்தார். கெடட்டும் என்றேன். ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சொன்னேன், அந்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பார்க்கட்டும். ஊரிடம் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் ஆனது. உன்னிடம் ஒரு கோளாறும் இல்லை, ஒரு சாமர்த்தியக் குறைவும் இல்லை. நீ தனியாக இருக்கிறாய், அவ்வளவுதான். நான் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் நீ குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்க மாட்டாய்.

அதனால் உன் அப்பாவை அனுப்புகிறேன். நானாக முடிவு செய்யவில்லை, நான் வாயைத் திறக்கும் முன்பே பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பல் புண் ஆறியதும் கிளம்புகிறார், டிக்கெட் எடுத்தாயிற்று. வந்த அன்றைக்கே அவரை உட்காரவைத்து உபசரிக்காதே, குட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கு. நீ எழுந்து வரும்போது எல்லாம் நறுக்கி இருக்கும். எனக்கும் குட்டியைப் பார்க்க ஆசை கொள்ளாமல் இருக்கிறது, ஆனால் எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. நீயும் குட்டியும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். காலையில் முதல் வாய் உனக்கு, பிறகுதான் மற்ற வேலை, மறக்காதே. நான் வரலாமா என்பதை அப்பாவிடம் சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றாலும் சொல்லு, கோபித்துக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா