தடைக்காலத்து வோல்டேஜ்

மே 9, 2024

கிளிஞ்சல்மேட்டு டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டியிருந்த மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாச்சு. பதினெட்டு நாள் அளவு. மத்தியானம் 252, 255, ஒரு நாள் 257 கூட. 253ஐத் தாண்டவே கூடாது. ஏற்கெனவே ஆறு மாடியில் சோலார் இருக்கு; இன்னும் சேர்த்தால் வீட்டு ஃபிரிட்ஜெல்லாம் புகையும்.

மாடிச் சோலாருக்கு நாடு முழுக்க ஒரே தரவிதி எழுதுற குழுவில் என்னையும் போட்டிருக்காங்க. காரைக்கால் மின்துறையிலிருந்து நான் ஒருத்திதான். என் பங்கு பிரிவு 7.3: லைன் கடைசியில் இருக்கிற ஊர்களில் ஒரு எல்லைக்கு மேல் புது சோலார் இணைப்பு தரக் கூடாது. இந்த அளவுகளோடு எழுதி அனுப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் ரிஃபாய் மச்சான் சோத்துக்கு முட்டை ஆணம் வச்சிருந்தார். "மார்க்கெட்ல மீனே இல்ல, என்னை முறைக்காதே." சார்ஜாவை விட்டு வந்ததிலிருந்து அடுப்படி அவர் கையில். என் அதிர்ஷ்டம்.

மே 27

குழுத் தலைவர் சிவநாதன் சார் போன் பண்ணார். "உங்க பிரிவுதான் நௌஷின் சுத்தமா இருக்கு. அப்படியே எடுத்துக்கலாம்." ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 19

கிளிஞ்சல்மேட்டில் பங்கஜவல்லி என்பவங்க சோலார் கேட்டு மனு போட்டிருந்தாங்க. மாடியைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் மருதையன் விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கார். புது விதி வந்தா உங்களுக்குக் கிடைக்காதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்கு முன்னாடி, பழக்கதோஷம், பிளக்கில் மீட்டரை வச்சேன். மத்தியானம் ஒரு மணி. 231.

மீட்டர் கெட்டுப்போச்சோ? வேற பிளக். 230.

"ஐஸ் கம்பெனி ஓடுதுல்லங்க," என்றாங்க பங்கஜவல்லி. "ரெண்டு மாசம் மீன்பிடித் தடையில பூட்டிக் கெடந்துச்சு. இப்ப போட்டெல்லாம் எறங்கிருச்சு, நிக்காம ஓடுது."

ஐஸ் கம்பெனியும் இதே லைன்தான்; அது ஓடி கரண்டை இழுத்தா வோல்டேஜ் இறங்கும், பூட்டினா ஏறும்.

பூட்டிக் கிடந்த ஐஸ் கம்பெனியை வச்சு வருஷம் முழுசுக்கும் விதி எழுதியிருக்கேன். இதே நோட்டில், அளவு எழுதின அதே பக்கத்தில், மார்க்கெட்டில் மீன் இல்லைன்னும் எழுதியிருக்கேன். மீன் இல்லைன்னா போட் போகல, போட் போகலைன்னா ஐஸ் எதுக்கு? காரைக்காலில் பொறந்தவளுக்கு இது தோணலையே. மண்டையில என்னதான் இருக்கு எனக்கு?

ஜூன் 20

சொல்லவா, வேண்டாமா? திருத்தம் சொல்ல இன்னும் நாலு நாள்தான். சொன்னா, கூப்பிட்டு உட்கார வச்சவங்க முகத்திலேயே கரி. சொல்லலைன்னா பங்கஜவல்லி மாதிரி எத்தனை வீட்டுக்கு இல்லைன்னு ஆகும் —

மச்சான்கிட்ட அழுதேன். "தப்புன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு. இனி நீயும் தூங்க மாட்டே, என்னையும் தூங்க விட மாட்டே. எழுதி அனுப்பு," என்றார். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு அவர்கிட்ட சொன்னதே இல்லை.

ஜூன் 23

அனுப்பிட்டேன். முதல் வரி: அளவு தடைக்காலத்தில் எடுத்தது, தவறு என்னுடையது.

வருஷத்தில் அறுபத்தொரு நாள் வோல்டேஜ் ஏறத்தான் செய்யும். அதுக்காக மிச்ச முந்நூறு நாளும் ஏன் மறுக்கணும்? இணைப்பைக் கொடுத்துடலாம். வோல்டேஜ் ஏறினா சோலாரோட இன்வெர்ட்டரே உற்பத்தியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கணும், இறங்கினா ஏத்திக்கணும். இதைத்தான் விதியா எழுதியிருக்கேன்.

ஜூலை 11

ஆன்லைன் கூட்டம். ஒன்றரை மணி நேரம் வறுத்தெடுத்தாங்க. கடைசியில் சிவநாதன் சார், "எங்க ஊர்லயும் சர்க்கரை ஆலை மூடுற மாசம் இருக்கும்மா, நானும் யோசிக்கல," என்றார். முதலில் பத்து வீட்டில் மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்காங்க.

மே 14, 2025

பத்தில் ஒண்ணு பங்கஜவல்லி வீடு. ஐஸ் கம்பெனி பூட்டு. நல்ல வெயில். ஒரு மணிக்கு 251. இன்வெர்ட்டர் தானாவே முக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. அரை மணி நேரம் பார்த்தேன், 252ஐத் தாண்டல.

தடைக்காலம்னு மருதையன் வீட்டில்தான் இருந்தார். "எங்களுக்கெல்லாம் கெடையாதுன்னு மொதல்ல எவனோ எழுதி வச்சிருந்தானாமே?"

"எவனோ இல்லண்ணே. நான்தான்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. பங்கஜவல்லி எழுந்து உள்ளே போயிட்டாங்க. நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்.

"எங்க போறீங்க? கைய கழுவிட்டு வாங்க," என்று உள்ளேயிருந்து குரல். "கருவாட்டுக் கொழம்புதான் இருக்கு."