மஞ்சள் சால்வையும் ரூத்தின் கலியாணமும்

என் அன்புக்குரிய அண்ணை,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உங்கள் மகள் ரூத் மெல்பேர்னில் பல்கலைக்கழகம் போவாள், பெரிய ஆராய்ச்சி எழுதுவாள், மனத்துக்குப் பிடித்தவனையே கட்டுவாள் என்று, அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொன்னேன். யார் நம்பினார்கள்?

நேற்று அண்ணி சம்மதித்துவிட்டா! சந்தோசத்தில் பேனை ஓரிடத்தில் நிற்கவில்லை.

பெடியன் பெயர் மிகேல். சிலி நாட்டான், கத்தோலிக்கன். என்னோடு கார்த் தொழிற்சாலையில் வேலை. (அங்கே என்னைக் கேட்காமல் ஒரு கார் வெளியே போகாது.) நம் புரட்டஸ்தாந்துச் சபையை விட்டு அசையாத அண்ணியின் முகம், கத்தோலிக்கன் என்றதுமே கறுத்தது. போதாததற்கு ரூத்தின் ஆராய்ச்சி வேறு. தென்னமெரிக்காவை ஸ்பானியர் ஆண்ட காலத்தில், லீமா நகரில் மத நீதிமன்றம் வைத்து, பிடிபட்ட இங்கிலீஷ்க் கப்பல்காரரைப் புரட்டஸ்தாந்துக்காரர் என்று விசாரித்தார்களாம். பணிந்தவனுக்கு மஞ்சள் அங்கி போட்டு ஊர் பார்க்க நிறுத்தினார்கள். பணியாதவனுக்கு நெருப்பு. இதையெல்லாம் ரூத் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். காதலிக்கிற பெட்டை செய்கிற வேலையா இது?

நேற்று மிகேலின் தாய் பெண் பார்க்க வந்தா. தமிழருக்கு மங்கலமான நிறம் எது என்று மிகேல் முன்பே என்னிடம் கேட்டிருந்தான். மஞ்சள் என்றேன். வேறு எதைச் சொல்ல? அந்த மனுசி தன் கையால் பின்னிய மஞ்சள் சால்வையை விரித்து, ரூத்தின் தோளில் போட்டா.

அண்ணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினா.

“கழட்டடி அதை! என்ரை பிள்ளைக்கே மஞ்சள் அங்கி போடுகினமோ?”

“அம்மா, இது சும்மா சால்வை!”

“நீதானேடி வாசிச்சுக் காட்டினனி!”

ரூத் அழத் தொடங்கினாள். மிகேலின் தாய்க்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அண்ணியின் முகம் விளங்கியது. தன் குளிர்க் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டா. அவ வாசலைத் தாண்டினால் கலியாணமும் தாண்டிவிடும். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் எழுந்து நின்றேன்.

“அண்ணி, பொறுங்கோ. அந்த மஞ்சள் அங்கி போட்ட கப்பல்காரரிலை ஒருத்தன் பிறகு அங்கையே கலியாணம் கட்டித் தங்கினவன். அவன்ரை வழிதான் இந்த மிகேல். இவையும் ஒருகாலம் எங்கடை சபைதான்!”

“மெய்யே?”

“சித்தப்பா...” என்று வாயைத் திறந்த ரூத், என் கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

அண்ணி அந்தத் தாயை நெடுநேரம் பார்த்தா. பிறகு கிட்டப் போய், கோட்டை அவவின் கையிலிருந்து வாங்கி ஆணியில் கொழுவினா.

“நல்ல பின்னல் எண்டு அவவுக்குச் சொல்லடி. நான் தேத்தண்ணி போடப்போறன்.”

அதன் பிறகு குசினியில் இரண்டு பேரும் பாஷையே இல்லாமல் சிரித்த சிரிப்பு, அண்ணை, தெருமுனைவரை கேட்டது!

கோயிலில் ரூத்தின் கையைப் பிடித்து, உங்கள் இடத்தில் நான் நடப்பேன். உங்களைப் போலவே நிமிர்ந்து நடப்பேன். இது என் வாக்கு.

ஒன்று மட்டும். கலியாணம் கட்டித் தங்கிய கப்பல்காரன் ரூத்தின் ஆராய்ச்சியில் உண்மையாகவே இருக்கிறான். அவனுக்கும் மிகேலுக்கும் சொந்தம் உண்டாக்கியது நான்தான். அண்ணியின் கனவில் போனால் இதை மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ.

என்றும் உங்களுக்குப் பின் பிறந்தவன்,
தம்பி ராசு