வலப்பக்க இருக்கை

தங்கச்சி,

போன சனிக்கிழமை உன் காரின் கதவைத் திறந்தேன். முதலில் வந்தது மல்லிகை வாசம். மாதக்கணக்காகப் பூவே ஏறாத வண்டியில் வாசம் எப்படி இருக்கும் என்று கேட்காதே, இருந்தது. இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். மாலை கட்டும் நூல் ஒரு துண்டு அகப்பட்டது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சண்டைக்குத் தயாரானேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மகன் காரை விற்கப் போகிறான், வாங்குகிறவர் வந்துகொண்டிருந்தார்.

அவன்தான் போன் செய்து கூப்பிட்டான். "அன்ரி, நீங்களும் வாங்கோ. அம்மாவின்ரை கார் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது" என்று இவ்வளவையும் தமிழில் சொன்னான். மிச்சமெல்லாம் பிரெஞ்சு. அவன் இருக்கும் இடத்தில் நிறுத்த வசதியில்லை, லா கூர்னெவ் கராஜில் தூசி பிடித்துக் கிடக்கிறது, அருமையான ஓர் ஆள் கிடைத்திருக்கிறார், அமெரிக்காவில் செய்து வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே காரை ஆக்கிவிடுவாராம். "அம்மா பிறகு போட்டதையெல்லாம் கழற்றிவிடுவார், அன்ரி" என்றான், நல்ல செய்தி சொல்வதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்பது அவன் உரிமை. அதற்காக உன் கைபட்டதையெல்லாம் பிடுங்கி எறிவதா? அதைத் தடுக்கத்தான் பொண்டியில் என் வீட்டிலிருந்து இந்த முழங்காலையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீ அந்தக் காரைக் கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உன் பூக்கடைக்கு மாதாவுக்கு மாலை வாங்க வந்திருந்தேன். அப்படி வந்து வந்துதான் நீ எனக்குத் தங்கச்சியானாய். கடையை உதவிக்கு நின்ற பெண்ணிடம் விட்டுவிட்டு, "அக்கா, ஒரு சாமான் காட்டுறன், வாங்கோ" என்று பூ ஏற்றும் உன் வான் வண்டியில் என்னை ஏற்றினாய். பூப்பெட்டிகளை நீ குளிரில் வைக்கும் கிடங்குக்குப் பக்கத்துக் கொட்டகை. தார்ப்பாய்க்கு அடியில் அது கிடந்தது. கொர்வெத் என்றாய், அறுபதுகளில் செய்தது என்றாய். எனக்குத் தெரிந்ததெல்லாம், விளக்கில்லாத மூக்கும் கிழிந்த சிவப்புத் தோலும் உள்ளே எலிப் புழுக்கையும்தான். டிக்கிகூடக் கிடையாது.

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா? இதுல ரெண்டு பேருதானே உட்கார முடியும்?"

"அதுக்குத்தானக்கா. இவ்வளவு காலமும் வான் ஓடினன். பின்னாலையும் பூ, மடியிலையும் பூ. எனக்கும் இன்னொரு ஆளுக்கும் மட்டும் இடமுள்ள வாகனம் ஒண்டு இருந்தால் காணும்."

அந்த இன்னொரு ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கல்யாண சீசனில் சம்பாதித்ததையெல்லாம் நீ அந்தக் கராஜில்தான் கொட்டினாய். பிரேக்கைப் புதிதாக்கினாய். ஸ்டியரிங் இலேசாகத் திரும்ப உள்ளே ஒரு மோட்டார் ஒளித்தாய். பழைய ரேடியோவின் முகத்தை வைத்துக்கொண்டு உன் போனில் இருக்கும் பாட்டு அதில் பாடும்படி செய்தாய். எதைச் செய்தாலும் கராஜ்காரரிடம் உனக்கு ஒரே சொல்தான்: பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. அவர் உன்னைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்.

கடைசியில் வெள்ளைப் பெயின்ட் அடித்து முடித்தார்கள். மேற்பூச்சு இறுகும்வரை அதன்மேல் எதுவும் படக் கூடாது என்று அந்த மனிதர் உன்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நீ பஞ்சாங்கத்தைப் பார்த்தாய். "பெயின்ற் ஆறுதலாய் இறுகட்டும். நாள் போனால் வராது" என்று மறுநாளே கோயில் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாய். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் மாலை, ஐயரின் கையால் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம். சுட்டெரிக்கும் வெயில் வேறு. பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதிலை ஒரு வெங்காய மூட்டையும் ஏத்தேலாதே, தங்கச்சி!" என்று கவலைப்பட்டார். சாயங்காலம் துடைத்தபோது சந்தனம் வந்தது, குங்குமம் வரவில்லை. கராஜ்காரர் அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ மட்டும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாய். "பொட்டு வைச்ச பிள்ளை. அழிக்க வேண்டாம்."

என் குணம் உனக்குத் தெரியும். ஒருவர் கைகொடுத்து என்னைத் தூக்கிவிடுவது எனக்கு ஆகாது. மெரியில், நகராட்சி அலுவலகத்தில், அத்தனை வருஷம் கவுண்டரில் நிமிர்ந்து உட்கார்ந்தவள் நான். நீ அந்தக் காரைக் காட்டுவதற்கு முன்னால் ஒருநாள், லா ஷப்பல் மெத்ரோப் படியில் முழங்கால் பிடித்துக்கொண்டபோது நீ என் முழங்கையைத் தாங்கினாய். அத்தனை பேர் முன்னால் உன்னைத் திட்டினேன். "நான் என்ன கிழவியா? கையை எடு!" நீ எடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒருநாளும் நீ என்னைத் தாங்க வரவில்லை. புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார் தயாரான அந்தக் கோடையில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பவனி தொடங்கியது. நான் பூசை முடிந்து வெளியே வரும்போது தேவாலய வாசலில் நீ நிற்பாய். ஆர்ஜொந்தெய் வரைக்கும் போய்ச் சேன் நதிக்கரையில் காரை நிறுத்தி, நீ கொண்டுவந்த ரோல்ஸைத் தின்போம். அவ்வளவு தாழ்வான காரில் ஏறி இறங்க எனக்குச் சிரமமே இல்லை. வலப்பக்கம் இருக்கும் என் இருக்கை உன்னுடையதைவிட உயரமாக இருப்பதைக் கவனித்துக் கேட்டேன். "அமெரிக்காவிலை பெரிய ஆக்கள் உந்தப் பக்கம்தானக்கா இருப்பினம்" என்றாய். கதவருகே பிடித்து எழும்ப ஒரு கைப்பிடி இருந்தது. "எல்லாக் கொர்வெத்திலையும் இருக்கு" என்றாய். குளிர்காலத்தில் இருக்கை இளஞ்சூடாக இருந்து முழங்கால்வரை இதமாக இறங்கும். "எஞ்சின் சூடக்கா. பழைய கார்தானே, உந்தப் பக்கம்தான் வரும்." உன் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அமெரிக்கர்கள் கெட்டிக்காரர்கள் என்று நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை வந்த மனிதர் நல்லவர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நரைத்த மீசை, கையில் சிறிய டார்ச். காரைத் தொடுமுன் உன் மகனிடம், அம்மாவுக்காக வருந்துகிறேன் என்றார். தரையில் படுத்துப் பார்த்தார். பிரேக் இருக்கட்டும், உயிர் முக்கியம் என்றார். ரேடியோவைப் பார்த்துச் சிரித்தார். நான் வாயைத் திறக்கச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் வலப்பக்கம் வந்து, இருக்கையின் அடியில் டார்ச் அடித்து, அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது இந்தக் காரின் இருக்கையே இல்லை, மதாம்" என்றார். வேறு வண்டியின் இருக்கையை உயர்த்திப் பொருத்தி, அதே சிவப்புத் தோலைப் போர்த்தியிருக்கிறார்களாம். கைப்பிடியும் பிற்பாடு வைத்ததாம். உள்ளே சூடு தரும் கம்பி ஓடுகிறதாம். ஓட்டுகிறவர் பக்கம் அது கிடையாது. "இந்தப் பக்கத்துக்கு மட்டும் செய்திருக்கிறார். யாருக்கோ நடக்கக் கஷ்டம் போல. யாருக்காக?"

உன் மகன் என்னைப் பார்த்தான்.

கைப்பிடியைப் பிடித்து அந்த இருக்கையிலேயே உட்கார்ந்தேன். சண்டைக்கென்று கொண்டுவந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. "ஏமாத்துக்காரி!" என்று வாய்விட்டுக் கத்தினேன். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று பயந்து உன் மகன், "நானோ, அன்ரி?" என்றான். நீயடி. எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து முகம் மாறாமல் பொய் சொல்லியிருக்கிறாய். கையைக் கொடுத்தால் தட்டிவிடுவேன் என்று தெரிந்து, ஒரு காரையே கையாகக் கொடுத்திருக்கிறாய். தெரிந்திருந்தால் அன்றே இறங்கிப் பஸ்ஸில் போயிருப்பேன். அதுவும் உனக்குத் தெரியும்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மெத்ரோப் படியிலிருந்து. அவன் குந்தியிருந்து கேட்டான். பிறகு அந்த மனிதரிடம் பிரெஞ்சில் மெதுவாகப் பேசினான். அவருக்கு எப்படியும் பழைய இருக்கை ஒன்று தேடிப் போடத்தான் வேண்டும். "அப்ப இந்தச் சீற் உங்களுக்குத்தான், அன்ரி" என்றான். மறுக்க வாயெடுத்தேன். உன் முகம் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

முகப்பில் இருக்கும் சிவப்புக் கறை என்ன என்று அவர் கேட்டார். ஐயர், எலுமிச்சம்பழம், பஞ்சாங்கம் எல்லாம் சொன்னேன். கராஜ்காரர் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டார். வந்தவர் விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் விட்டுவிடுகிறேன்" என்றார். வெள்ளைக் கார் அந்தப் பொட்டோடு தெருமுனை திரும்பிப் போனது. நான் தடுக்கவில்லை.

கழற்றி வைத்திருந்த இருக்கையைக் கராஜ்காரர் ஒரு மரப்பலகையில் பூட்டி, கைப்பிடியைப் பக்கத்தில் வைத்து, சுவரில் செருக ஒரு வயரும் இழுத்துக் கொடுத்தார். உன் பழைய பூ வானில்தான் அது பொண்டிக்கு வந்து சேர்ந்தது. இப்போது ஜன்னலோரம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், என்ன இது, கார் சீட்டை வீட்டுக்குள் வைத்திருக்கிறாய் என்று சிரிக்கிறார்கள். முழங்காலுக்கு நல்லது, என் தங்கச்சி செய்து கொடுத்தாள் என்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே மழை, நல்ல குளிர். எஞ்சின் எங்கேயோ யார் வீட்டிலோ இருக்கிறது. சூடு இந்தப் பக்கம்தான் வருகிறது.