பாட்டுப்பெட்டியில் என் குரல்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இந்த ஊரில் ஒரு குறையும் இல்லை.

பாப்பாவைத் தூங்கவைக்க நான் பதிந்து அனுப்பிய கதை பாட்டுப்பெட்டியில் பாடவில்லை என்றீர்களே, அதிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. என் போன் பதிகிற கோப்பு வகையை அந்தப் பெட்டி எடுக்காதாம். எம்பி3 ஆக இருக்க வேண்டுமாம். நேற்றுச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோப்பு வகையை மாற்றித் தரும் ஒரு வலைத்தளத்தைத் திறந்து கதையை ஏற்றினேன். எம்பி3 என்பதைத் தேர்ந்து பொத்தானை அமுக்கியதும் மாறிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தால், ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்திருக்கிறது.

"கண்ண மூடு தங்கம், அம்மா பக்கத்துலதான் இருக்கேன்" என்று ஆபீஸ் முழுக்க என் குரல். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேனேஜர் மட்டும், "குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்றார்.

"ரெண்டு முடியப்போகுது சார்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன்.

மாற்றிய கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பென்டிரைவில் ஏற்றிப் போடுங்கள். அவள் தூங்கியதும் மூச்சுச் சத்தத்தைப் பதிந்து அனுப்புங்கள். எந்த வகையாக இருந்தாலும் நான் மாற்றிக்கொள்கிறேன்.

மேனேஜர் வருகிறார், நிறுத்துகிறேன். என் குரலைக் கேட்டு அவள் கதவுப் பக்கம் தேடிப்போனால் மட்டும் பெட்டியை அணைத்துவிடுங்கள்.

உங்கள்
பாப்பாவின் அம்மா