சத்தம் குறைகிற இடம்

ஜெயாவ், ஷில்லாங்.
ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வந்த பிறகு.

அன்புள்ள ஐஹுனின் அப்பாவுக்கு,

தாப்லின் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் ஐஹுனும் சுகம். கப்பல் மேடையில் வாசிக்கிற நீங்களும் உங்கள் வயிறும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். வயிற்றைத் தனியாகச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நீங்கள் கடைசியாக அனுப்பிய போட்டோவில் கோட்டுப் பொத்தான் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே வெண்ணெயும் கேக்கும்தான் மூன்று வேளையும் போலிருக்கிறது. இங்கே வந்தால் கருவாட்டுச் சட்னியும் சோறும் கொடுத்து ஒரே மாதத்தில் பழைய ஆளாக்கிவிடுவேன்.

மழை இந்த வருஷம் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. போன மாதம் அடித்த காற்றில் பின்பக்கக் கூரைத் தகரம் ஒன்று எழும்பிவிட்டது. பிரைட்வெல் அண்ணன் வந்து ஆணி அடித்துக் கொடுத்தார். கீழே இறங்கி ஒரு பிரசங்கமும் செய்தார். "கூரை ஏற வீட்டில ஒரு ஆம்பளை வேணும் தாப். உன் புருஷன் மேடை மட்டும்தான் ஏறுவான்" என்றார். தேநீரில் சர்க்கரையைக் குறைத்துக் கொடுத்தேன். அவருக்கு அது புரிந்தது.

இனி கிட்டார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பணம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் கப்பல் சமையற்கட்டில் வேலை செய்கிற லாம், நம் கிட்போக்கின் சித்தி மகன், அவனே வீட்டுக்கு வந்து கொடுத்தான். பன்றிக்கறி போட்டு ஜாதோ சோறு செய்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டான். "நல்ல வெளிநாட்டுக் கிட்டாரா ஒண்ணு வாங்கி வீட்டில வைக்கச் சொன்னாரு. எதுங்கறதை உங்களையே பாத்துக்கச் சொன்னாரு" என்றான். யாருக்கு என்று கேட்டேன். தெரியாது என்றான். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். "அண்ணன் நல்லா இருக்காரு அக்கா" என்றான். நான் கேட்டது அதுவா? பாக்கை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தவன், செருப்பை மாட்டும்போதுதான் உளறினான். கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத் தாள் நீட்டியிருக்கிறதாம். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா என்பது அவனுக்குத் தெரியாதாம்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அடுப்பில் சோறு வைத்துவிட்டு மறந்துபோகிறேன். இதை யாரிடம் சொல்ல? நம் ஊரில் புருஷன் வராமல் போனால் பெண்ணைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. வீடு என் அம்மா எனக்குக் கொடுத்தது. பிள்ளைக்கு என் குலப்பெயர். சந்தையில் என் கடை ஓடுகிறது. கூரைக்கு அண்ணன் இருக்கிறார். "உனக்கென்ன குறைச்சல் தாப்லின்" என்று பக்கத்துக் கடை அக்கா கேட்கிறாள். குறைச்சல் ஒன்றுமில்லை. உங்களை வைத்து இந்த வீட்டில் ஆக வேண்டிய வேலை எதுவுமே இல்லை. ஆனாலும் நீங்கள் வேண்டும். இதை விளக்கிச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் விளக்குவதில்லை.

வீட்டில் கிட்டார் இல்லாததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் கப்பல் ஏறிய கையோடு உங்கள் அக்கா தெல்மா வந்து பழைய கிட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். "தம்பி கல்யாணத்துக்கு முன்னாடி சம்பாதிச்சது. அது எங்க அம்மா வீட்டுக்குத்தான் சேரும்" என்றார். முறை அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சுவரில் அந்த ஆணி மட்டும் அப்படியே இருந்தது. அதில் குடையை மாட்டிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

போன வாரச் சனிக்கிழமை போலீஸ் பஜாரில் ரிசா அக்கா கடைக்குப் போனோம். நான், ஐஹுன், அண்ணன், கூட கிட்போக். உங்கள் பழைய பேஸ் கிட்டார்காரனுக்கு முடி கொட்டிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. நீங்கள் சொன்ன தொகைக்குக் கடையில் இரண்டுதான் இருந்தன. ஒன்று கொரியாவில் செய்தது, தக்காளிச் சிவப்பு, கனம். கிட்போக் அதை ஆம்ப்பில் மாட்டித் தட்டினான். தடித்த குரல், கடை வாசலில் போன இரண்டு பையன்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். இன்னொன்று ஜப்பானில் செய்தது, பாலாடை நிறம், எடை குறைவு. அது ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொங்கியது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு வாரச் சந்தைச் செலவு கூட வராது.

அந்த ஜப்பான் கிட்டார் ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். ரிசா அக்கா அலுத்துக்கொண்டார். "அதை ஏன் கேக்கறே. நான் சாதாரணமா ஒண்ணு கேட்டேன். கல்கத்தாக்காரன் இடக்கைக்காரங்களுக்குச் செஞ்சதை அனுப்பிட்டான். வந்தவன் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு, இதென்னன்னு திருப்பி வெச்சிட்டுப் போறான்."

இந்த ஊரில் இடக்கைக் கிட்டார் ஒன்று வராதா என்று எத்தனை வருஷம் கேட்டு அலைந்தீர்கள். கிடைக்காமல்தானே வலக்கைக் கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தீர்கள். சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் மேல்பக்கம் வந்து, உங்கள் இடது முன்கை அதன் மேலேயே உரசும். பாட்டு நடுவில் கை பட்டுச் சத்தம் இறங்கிவிடும். குமிழ் மேல் பிளாஸ்திரி ஒட்டினோம், வேர்வையில் மூன்றாவது பாட்டுக்குள் உரிந்துவிடும். அந்தக் கையில் இருக்கிற தழும்புக்கு நான் எத்தனை தரம் எண்ணெய் தடவியிருப்பேன். இப்போது நீங்கள் இல்லாத நேரம் பார்த்து அது வந்து தொங்குகிறது.

எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லாதவன் கைக்கு அளவெடுத்து வாங்குவியா? சிவப்பை வாங்கு. பிள்ளை கத்துக்கலாம். சர்ச்சுல இளைஞர் குழு கேட்டா குடுக்கலாம். அவன் வந்தா அவனும் வாசிப்பான், தலைகீழா வாசிச்சுப் பழகினவன்தானே" என்றார். கிட்போக்கும் தயங்கித் தயங்கி, "அண்ணன் சொல்றது சரிதான் அக்கா. இது தொங்கிட்டேதான் இருக்கும்" என்றான். அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஐஹுனைப் பார்த்தேன். அவள் எழுதுவது, சாப்பிடுவது, கல் எறிவது எல்லாம் வலக்கைதான். அவள் கிட்டார் கற்க ஆசைப்படுகிறாள் என்று எனக்கும் தெரியும். வராதவரின் கைக்காக, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கையை விட்டுவிடுவதா? சிவப்பையே கட்டச் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னதும் நீங்கள் வரமாட்டீர்கள் என்று நானே ஒத்துக்கொண்டது போல இருந்தது.

ரிசா அக்கா, "முதல்ல பிள்ளை மடியில வெச்சுப் பாக்கட்டும்" என்று சிவப்பை ஐஹுனிடம் கொடுத்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்து அதை வாங்கினாள். வாங்கியவள் கவிழ்த்துப் பிடித்தாள், கழுத்து வலது பக்கம், கம்பி மீட்ட இடக்கை. அண்ணன் சிரித்துவிட்டார். "அப்பன் மாதிரியே தலைகீழ்" என்று திருப்பி வைத்தார். அவள் மறுபடி கவிழ்த்தாள். கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல கம்பியெல்லாம் மாறியிருக்கு. தடிக் கம்பி மேல இருக்கணும்" என்றாள். இதெல்லாம் இவளுக்கு யார் சொன்னது என்று நான் விழித்தேன். அவள் எழுந்து போய் மூலையில் தொங்கிய ஜப்பான் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிட்போக் அதை ஆம்ப்பில் மாட்டிவிட, வாசிக்க ஆரம்பித்தாள்.

என்ன வாசித்தாள் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எனக்குப் போட்ட மெட்டு. கிட்போக் கோஷ்டி 'தாப்லின் மெட்டு' என்று கேலி செய்யுமே, அதுதான். விரல் தடுமாறியது, இரண்டு இடத்தில் கம்பி கிறீச்சிட்டது, ஆனால் அதேதான். கிட்போக் வாயில் இருந்த பாக்கை மெல்ல மறந்துவிட்டான். மெட்டு மூன்றாவது வளைவுக்கு வந்தது. அங்கே வந்ததும் அவள் நிறுத்தினாள். முன்கையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். ஏதோ கைக்கு அகப்படவில்லை. பிறகு குனிந்து கீழ்ப்பக்கம் இருந்த குமிழை விரலால் பிடித்து, சத்தத்தைக் குறைத்தாள். மெல்ல அந்த வரியை வாசித்து முடித்து, திரும்ப ஏற்றிக்கொண்டாள்.

கிட்போக் முதலில் சிரிக்கப் போனான், சிரிக்கவில்லை. நான்தான் கேட்டேன், ஏன் அங்கே குறைத்தாய் என்று. என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இது கூடத் தெரியாதா என்பது போல. "பாட்டு அங்க சின்னதாகும்ல? அங்க மட்டும் உனக்கு மட்டும் கேக்கற மாதிரி அப்பா வாசிப்பாரு" என்றாள்.

உங்கள் முன்கை செய்த தப்பை அவள் பாட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கையில் இருந்த பையைப் பார்ப்பது போல நான் திரும்பிக்கொண்டேன். அண்ணன் தொண்டையைக் கனைத்து, "சரி, இதையே கட்டச் சொல்லு. தலைகீழ்க் குடும்பம்" என்றார். ரிசா அக்கா தோளில் மாட்டுகிற வாரும் ஒரு செட் கம்பியும் சும்மா கொடுத்தார். எப்படியோ மூலை காலியானதே என்று அவருக்குச் சந்தோஷம்.

வழியில்தான் விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமை தோறும் துணி மடித்துக் கொடுக்கிறேன் என்று தெல்மா அக்கா வீட்டுக்குப் போவாளே, அங்கே உங்கள் பழைய கிட்டாரை எடுத்து வாசித்திருக்கிறாள். கிட்டார் வாசிப்பதென்றால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது நீங்கள் பிடிக்கிற விதம் ஒன்றுதான். அதனால் இடக்கைதான் வழி என்று நினைத்துவிட்டாள். நேற்று அரிசி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு உங்கள் அக்காவைப் பார்க்கப் போனேன். நீண்ட நாளைக்குப் பிறகு. "நான் ஒண்ணும் சொல்லித் தரலை. அவளே ஆணியிலேர்ந்து எடுத்துக்கிட்டா. உன் மேல இருக்கிற கோவம் பிள்ளை மேல எதுக்கு" என்றார். பிறகு இரண்டு பேரும் பாக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது அவரும் அதையே கேட்டார், தம்பி எப்போது வருகிறான் என்று. எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

கிட்டார் இப்போது நம் சுவரில், அந்த ஆணியில் தொங்குகிறது. ஐஹுன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுக்கிறாள். அவள் நெஞ்சுக்கு வார் நீளம், சுருக்கிக்கொள்கிறாள். வாசித்து முடித்துத் திரும்ப மாட்டும்போது, வாரை மறுபடி நீளமாக விட்டுவிட்டுத்தான் மாட்டுகிறாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் செய்கிறாள். வார் சரியான நீளத்தில் இருக்கிறதா என்று நேற்று என்னிடம் கேட்டாள். அப்பாவின் தோள் எந்த உயரம் என்று நான் கையைத் தூக்கிக் காட்டினேன். எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் எழுதுவதும் சாப்பிடுவதும் மீட்டுவதும் எல்லாம் ஒரே கைதான். லாம் சொன்ன தாள் உங்கள் முன்னால் இருந்தால், அந்தக் கையை எடுத்துக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை இன்னொரு தரம் படியுங்கள். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. அங்கே கடலைப் பார்த்து வாழ்கிறவருக்கு இங்கிருந்து என்ன சொல்வது.

ஒன்றே ஒன்று. நீங்கள் வந்து உட்கார்ந்ததும் அவள் வாசித்துக் காட்டுவாள். அந்த மூன்றாவது வளைவில் சத்தத்தைக் குறைப்பாள். அது முன்கை பட்டதால் வந்தது என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அது அவள் சொன்னது போலத்தான் இருந்திருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. அந்த இடம் வரும்போது என்னைப் பாருங்கள், அது போதும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கூரையின் மற்றத் தகரங்களையும் பார்க்க வேண்டும். அண்ணனைக் கூப்பிடவில்லை.

உங்களுக்கு என் குப்லெய் வாழ்த்து. கர்த்தர் உங்களைக் கரை சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
தாப்லின்